நெடுமொழியும் குடிநிலையும்: ‘என்ஜாய் எஞ்சாமி’ இசைக்காணொளியில் ராப் மரபுகளும் படிமங்களும்

முன்னுரை

நம் மாணவர்கள் நாள்தோறும் கேட்கும் ராப் பாடல்களை நாம் பெரும்பாலும் இலக்கிய வகுப்பறைக்கு வெளியிலேயே நிறுத்தி வைக்கிறோம். யோகி பி, நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு 2006-ஆம் ஆண்டு மலேசியாவில் வெளிவந்தது. அதன்பின் தமிழ் ராப் இம்மண்ணில் வேரூன்றிவிட்ட போதிலும், அது இசையாகச் சுவைக்கப்படும் அளவிற்கு ஓர் இலக்கிய வகையாக நோக்கப்படவில்லை எனலாம். 2021-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’ என்னும் இசைக்காணொளி இக்குறையைக் களைய நல்லதொரு வாய்ப்பை அளிக்கிறது. தீயும் அறிவும் பாடிய இப்பாடலின் இசைத் தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணன். காணொளியை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். ராப் காணொளிக்குரிய மரபுகளை இப்படைப்பு எவ்வாறு ஏற்கிறது, எங்கே மாற்றுகிறது என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

ராப் காணொளியின் மரபுகள்

1973-இல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் கறுப்பின இளைஞரிடையே ஹிப் ஹாப் பண்பாடு தோன்றியது. அதன் சொல்லிசைக் கூறாகிய ராப்பில் தன் பெயரைக் கூறுதல், தன் திறனைப் புகழ்தல், தன் வட்டாரத்தை முன்னிறுத்துதல், எதிராளியை இகழ்தல் ஆகியவை நிலைத்த மரபுகளாயின. வெகுசன இசையோடு கலந்த பாப் ராப், வேகமான சொல்லடுக்குகளுக்கு இடையே எளிதில் மனத்தில் பதியும் பல்லவியையும் சேர்த்துக்கொண்டது. காணொளிகளில் இம்மரபுகள் காட்சி வடிவம் பெற்றன. தாழ்வான கோணத்தில் வைக்கப்பட்ட ஒளிப்படக்கருவி பாடுபவரைப் பேருருவாகக் காட்டும். கனத்த அணிகலன்கள், பின்னே அணிவகுத்து நிற்கும் தோழர் குழு, அரியணை, மகுடம் ஆகியன அவருடைய வெற்றிக்குச் சான்று கூறும். 1997-இல் எடுக்கப்பட்ட, மகுடம் சூடிய நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் ஒளிப்படம் இம்மரபின் புகழ்பெற்ற வடிவமாகும்.

இத்தற்புகழ்ச்சியை வெறும் ஆணவம் என ஒதுக்குவது பொருந்தாது. புறப்பொருள் வெண்பாமாலையின் கரந்தைப் படலத்தில் ‘நெடுமொழி கூறல்’ என்றொரு துறை உண்டு. வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைப்பது அது. ராப்புக்கும் இத்துறைக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. எனினும், ஒடுக்கப்பட்டவன் தன் மதிப்பைத் தன் வாயாலேயே நிறுவ வேண்டிய நிலையை விளங்கிக்கொள்ள இத்துறை நமக்குத் துணைசெய்கிறது.

அரியணையில் அமர்ந்தவர்

‘என்ஜாய் எஞ்சாமி’ பாப் ராப்பின் புற அமைப்பை அப்படியே ஏற்கிறது. தீ பாடும் பல்லவி, அறிவின் விரைவான சொல்லடுக்கு, குழு நடனம், அழுத்தமான நிறங்கள், அணிகலன்கள் என எதுவும் விடுபடவில்லை. ஆனால் பெருமைக்குரிய இருக்கையில் பாடகர் அமரவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின்னர்த் தமிழகம் திரும்பிய, அறிவின் பாட்டி வள்ளியம்மாள் அங்கே அரசியின் பெருமிதத்துடன் வீற்றிருக்கிறார். தோழர் குழு நிற்கவேண்டிய இடத்தை முதியோர் பெறுகின்றனர். பெருநகரத் தெருக்களுக்கு மாறாகக் காடும் வறண்ட நிலமும் களமாகின்றன.

இங்கே நெடுமொழி குடிநிலையாக மாறுவதை நாம் காண்கிறோம். ஒரு குடியின் தொன்மையைப் போற்றும் குடிநிலையும் கரந்தைத் துறையே. ‘நான் பெரியவன்’ என்னும் கூற்று ‘எம்முன்னோர் இந்நிலத்தை உருவாக்கியவர்கள்’ என்னும் கூற்றாகிறது. தலைப்பிலுள்ள விளியும் இதற்கு அரண் செய்கிறது. ‘என் சாமி’ என்பது உழைப்பவர் நிலவுடைமையாளரைப் பணிந்து அழைக்கும் சொல்லாகவும், மூத்தோர் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் சொல்லாகவும் நம் வழக்கில் உள்ளது. இக்காணொளி அச்சொல்லைப் பணிவிலிருந்து மீட்டுப் பாசத்திற்கே உரியதாக்குகிறது.

ஒப்பாரியும் வரலாறும்

கொண்டாட்டத் தாளத்தினூடே ஒப்பாரியின் சாயல் ஒலிப்பது இப்பாடலின் தனிச்சிறப்பாகும். தோட்டத்தை வளர்த்தவர்க்கு அதன் பயன் கிட்டவில்லை என்னும் ஏக்கம் வெறும் கற்பனையன்று. இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. இம்முடிவில் அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. புறப்பொருள் மரபில் கையறுநிலை, மாய்ந்த தலைவனுக்காகவும் வீரனுக்காகவும் பாடப்பெறுவது. இங்கே அவ்விரங்கல் பெயரறியாத தொழிலாளர்க்கு உரியதாகிறது. ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்து, அவை வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது வெளியேற நேர்ந்த குடும்பங்களின் வழித்தோன்றல்களாகிய நம் மாணவர் பலருக்கு இவ்வேக்கம் அயலானதன்று.

பெயரும் உரிமையும்

ராப் மரபில் பாடுபவரின் பெயரே அவருடைய முதல் உடைமை. ஆயின், 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழ் இப்பாடலைப் பற்றியும் பேசிய தன் அட்டையில் தீயின் படத்தை வெளியிட்டது. பாடலை எழுதிப் பாடிய அறிவின் படம் அதில் இடம்பெறவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்த பின்னர், அவ்விதழ் அறிவுக்கெனத் தனியே ஒரு மின்னிதழ் அட்டையை வெளியிட்டது. உழைத்தவரின் பெயர் விளைச்சலில் இடம்பெறுவதில்லை என்பதே பாடலின் பொருளாக இருக்க, அப்பாடலுக்கே அந்நிலை நேர்ந்தமை ஆழ்ந்து எண்ணத்தக்கது. படிமத்தில் ஒருவரை அரியணை ஏற்றுவது எளிது. நடைமுறையில் அவருக்குரிய இடத்தை அளிப்பது அரிது.

முடிவுரை

பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பதே கரந்தையின் அடிப்படை. இக்காணொளி மீட்க முயல்வது நிலத்தின் நினைவையும் முன்னோரின் மதிப்பையும் ஆகும். ராப்பின் மரபுகளைத் துறக்காமல், அவற்றின் பயனைத் தனியொருவரிடமிருந்து ஒரு குடிக்கு மாற்றியிருப்பதே இதன் வெற்றி எனத் துணியலாம். புறத்துறைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் நெடுமொழி, குடிநிலை, கையறுநிலை ஆகியவற்றை இக்காணொளியோடு ஒப்பிட்டு விளக்கின், மாணவர்க்கு அத்துறைகள் வெறும் தேர்வுக்குறிப்புகளாக நின்றுவிடமாட்டா. அத்துடன், தத்தம் பாட்டியர் தோட்டத்தில் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் கேட்டு, பாடியவர் பெயருடன் எழுதி வருமாறு அவர்களைப் பணிக்கலாம். அப்பெயர்களைப் பதிந்து வைப்பதும் ஒருவகைக் கரந்தையே.