திட்டமிட்ட சிசேரியன் மகப்பேற்றில் குருதி உறைதல் மாற்றங்கள்

மகப்பேற்றின்போது நேரும் குருதி இழப்பிற்குக் கருவுற்ற தாயின் உடல் பல மாதங்களுக்கு முன்பே ஆயத்தமாகிறது. உறைவின் மூலப்பொருளான ஃபைப்ரினோஜன் என்னும் புரதம், கருவுறாத பெண்களிடம் லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் வரை காணப்படும். நிறைமாதத்தில் அது ஏறத்தாழ 4 முதல் 6 கிராமாக உயர்கிறது. ஏழாம், எட்டாம் உறைகாரணிகளும் மிகுகின்றன. உறைதலைக் கட்டுப்படுத்தும் 'புரதம் எஸ்' குறைகிறது. உறைவைக் கரைக்கும் ஆற்றலும் தணிகிறது.

இவ்வாயத்தத்தின் பயன் நச்சுக்கொடி பிரியும்போது புலனாகிறது. நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்திற்கு அரை லிட்டருக்கும் மேற்பட்ட குருதி பாய்கிறது. கருப்பைத் தசை சுருங்கிக் குழாய்களை நெரிக்க, உறைவு அவற்றின் வாயை அடைக்கிறது. சிசேரியனில் வயிற்றுச் சுவரும் கருப்பையும் கீறப்படுவதால் இழப்பு கூடுகிறது. குருதியுடன் உறைகாரணிகளும் வெளியேறுகின்றன. சிரைவழி ஏற்றப்படும் நீர்மங்கள் எஞ்சியவற்றின் செறிவைக் குறைக்கின்றன.

ஆகவே ஆய்வக அறிக்கையைப் படிப்பதில் கவனம் தேவை. லிட்டருக்கு 2 கிராம் ஃபைப்ரினோஜன் என்பது பொது அளவுகோலின்படி இயல்பானது. மகப்பேற்றில் குருதிப்போக்குக்கு உள்ளான தாயிடம் அதே அளவு, நிலைமை கடுமையாவதன் அறிகுறியாகும். கருவுற்றோருக்குரிய அளவுகோலோடு ஒப்பிட்டாலன்றி இவ்வீழ்ச்சி கண்ணுக்குத் தப்பிவிடும்.

டிரானெக்சாமிக் அமிலம் உறைவு கரைவதைத் தடுக்கும் மருந்து. 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடத்தப்பெற்று 2017இல் வெளியான 'உமன்' ஆய்வு, மகப்பேற்றிற்குப்பின் 3 மணி நேரத்திற்குள் அதனை அளித்தால் குருதிப்போக்கால் நேரும் இறப்பு குறைவதைக் காட்டியது.

குருதிப்போக்கு அடங்கியபின், தாயைக் காத்த அதே உறைதிறன் ஊறு விளைவிக்கக்கூடும். அறுவைக் காயமும் படுக்கையில் அசைவற்றிருத்தலும் சேர, கால் சிரைகளில் உறைகட்டி தோன்றலாம். அது பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. ஆதலின் தாயை விரைவில் எழுந்து நடக்கச் செய்கின்றனர். ஆபத்துக் காரணிகள் உடையோருக்கு ஹெப்பாரின் அளிக்கின்றனர். பேற்றிற்கு முன்பே அம்மருந்தைப் பெறுவோருக்கு, தண்டுவட மயக்க ஊசிக்குப் போதிய நேரம் முன்னதாக அது நிறுத்தப்பட வேண்டும். இல்லையேல் தண்டுவடத்தை அழுத்தும் குருதிக்கசிவு நேரலாம். அறுவைக்கு நாள் முன்னரே குறிக்கப்படுவதால் இதனை ஒழுங்காகத் திட்டமிட இயலும்.

உறைகட்டி தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 6 வாரங்கள் மிகுந்திருக்கும். வீடு திரும்பிய தாய்க்கு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறல் ஏற்பட்டாலோ, மகப்பேற்றின் இயல்பான களைப்பென்று கருதாமல் உடனடியாக மருத்துவ உதவி நாடவேண்டும்.