வெளிநாட்டில் பொருத்திய பல் வெனீர்: ஊர் திரும்பியபின் பேணும் முறை

வெளிநாட்டுப் பணியிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்புவோரில் சிலர் அண்மை ஆண்டுகளில் முன்பற்களுக்கு வெனீர் பொருத்திக்கொண்டு வருகின்றனர். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உழைப்போர் அங்கேயே இச்சிகிச்சையை முடித்துக்கொள்கின்றனர். அவர்கள் ஊரில் தங்கியிருக்கும் நாள்களில் ஈறு வீங்கினாலோ, ஒட்டிய பகுதி பெயர்ந்தாலோ, எங்கே செல்வது, யாரைக் கேட்பது என்னும் குழப்பம் குடும்பத்தார் அனைவருக்கும் ஏற்படுகிறது. பொருத்தியவர் கடல் கடந்து இருக்கிறார், பல்லோ எம்.ரெட்டியபட்டியில் இருக்கிறது. அப்பல்லை இங்கே எவ்வாறு பேணுவது என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

இதனை வெறும் அழகு ஆசை என்று ஒதுக்கிவிட நாங்கள் விரும்பவில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் வற்றிய காலங்களில் குடிநீருக்கு ஆழ்துளைக் கிணறே துணை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த இடங்கள் உள்ள மாவட்டங்களின் வரிசையில் விருதுநகரும் இடம்பெறுகிறது. ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் இவ்வளவை மிஞ்சிய நீரைத் தொடர்ந்து பருகினால், பற்களில் சுண்ணாம்பு போன்ற வெண்திட்டுகளும் பழுப்புக் கறைகளும் தோன்றுகின்றன. இக்கறை எனாமலின் உள்ளேயே அமைந்தது; எத்தனை முறை துலக்கினாலும் போகாது. பல் துலக்காதவர் என்ற பழியை இளமை முதல் சுமந்தவர், கையில் பணம் சேர்ந்ததும் பல் மருத்துவரை நாடுவதில் வியப்பில்லை.

வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டப்படும் மெல்லிய தகடு. பீங்கான் வகை பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவே தடிப்புடையது. கலிபோர்னியாவைச் சேர்ந்த சார்லஸ் பின்கஸ் என்னும் பல் மருத்துவர் 1920களின் இறுதியில் ஹாலிவுட் நடிகர்களுக்காக இத்தகைய தகடுகளை உருவாக்கினார். படப்பிடிப்பு முடிந்ததும் அவற்றைக் கழற்றிவிட வேண்டியிருந்தது. நிலையாக ஒட்டும் வழி அன்று இல்லை. 1955இல் மைக்கேல் புவோனகோர் எனாமலின் மேற்பரப்பை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் உறுதியாகப் பற்றும் என்று காட்டினார். பீங்கானின் உட்பக்கத்தையும் அவ்வாறே அமிலத்தால் பதப்படுத்தி ஒட்டும் முறை 1980களில் வந்தது. இன்று செய்யப்படும் பீங்கான் வெனீர் அனைத்தும் இவ்விரு பிடிப்புகளையே நம்பி நிற்கின்றன.

ஆகவே வெனீரின் ஆயுள் அடியிலுள்ள எனாமலைப் பொறுத்தது. ஃபுளோரைடு கறை கடுமையாக உள்ள எனாமலில் அமிலம் சீராக வேலை செய்வதில்லை. பிசினின் பிடிப்பும் குறையக்கூடும். நம் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். உங்கள் பற்களில் முன்பு இருந்தது ஃபுளோரைடு கறை என்பதை இங்குள்ள மருத்துவரிடம் தவறாமல் தெரிவியுங்கள். வெனீருக்கு அடியில் அது கண்ணுக்குத் தெரியாது.

உங்கள் வாயில் இருப்பது எது?

வெளிநாட்டில் வெனீர் வைத்துக்கொண்டதாகக் கூறுவோரில் சிலருக்கு உண்மையில் வைக்கப்பட்டிருப்பது வெனீராக இருப்பதில்லை. நம் மக்கள் கேப் என்று சொல்லும் முழு உறையாக இருக்கிறது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு பல்லை எவ்வளவு அராவினார்கள் என்பதில் உள்ளது. 2002இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வெனீருக்காக முன்பல்லில் நீக்கப்படும் பகுதி 3 முதல் 30 விழுக்காடு வரை. முழு உறைக்காக நீக்கப்படுவது 63 முதல் 72 விழுக்காடு வரை. பிரிட்டனிலிருந்து துருக்கி சென்று சிகிச்சை பெற்ற இளைஞர்கள் பலர் வெனீர் என்று எண்ணி முழு உறைகளோடு திரும்பியதை அந்நாட்டுப் பல் மருத்துவர் சங்கம் சுட்டிக்காட்டி எச்சரித்துள்ளது. அராவிய எனாமல் மீண்டும் வளராது. மிகுதியாக அராவப்பட்ட பல்லில் உள்ளிருக்கும் நரம்பு சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ செயலிழக்கக்கூடும். அப்போது வேர் சிகிச்சை தேவைப்படும்.

எனவே ஊர் திரும்பியவர் வலி இல்லாவிட்டாலும் ஒரு முறை பல் மருத்துவரைக் கண்டு, எக்ஸ்ரே எடுத்து, எந்தெந்தப் பற்களில் எது வைக்கப்பட்டுள்ளது என்பதைத் தெளிந்துகொள்வது நன்று. இன்று எடுக்கும் எக்ஸ்ரே, ஐந்தாண்டு கழித்து வலி வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

எல்லைக்கோடே முதன்மை

பீங்கானில் சொத்தை விழாது, அது உண்மை. அதனால் இனிப் பல்லைப் பற்றிய கவலை இல்லை என்று சிலர் எண்ணிவிடுகின்றனர். வெனீர் முடிந்து இயற்கைப் பல் தொடங்கும் எல்லைக்கோடு ஈறின் ஓரத்தில் இருக்கிறது. சொத்தை அவ்விடத்தில்தான் நுழைகிறது. உணவுத் துணுக்கும் கிருமிப் படலமும் அங்கே தங்கினால் முதலில் ஈறு சிவக்கும், துலக்கும்போது இரத்தம் கசியும். பின்னர் ஓரத்தில் பழுப்புக் கோடு தோன்றும். அதன்பின் தகட்டுக்கு அடியில் பல் கரையும். வலி கடைசியாகவே வரும். துலக்கும்போது இரத்தம் வருகிறது என்று அஞ்சி அவ்விடத்தைத் துலக்காமல் விடுவது நிலைமையை மேலும் மோசமாக்கும்.

மென்மையான தூரிகையால் காலையும் இரவும் இரண்டு நிமிடம் ஈறோரத்தைச் சேர்த்துத் துலக்க வேண்டும். இரவில் துலக்கும் பழக்கம் நம் ஊர்களில் குறைவு; வெனீர் உள்ளவர் அதனை விட்டுவிடவே கூடாது. ஃபுளோரைடு கலந்த சாதாரணப் பற்பசை போதுமானது. ஃபுளோரைடால் வந்த கறைக்கு ஃபுளோரைடு பற்பசையா என்று கேட்போர் உண்டு. கறை உண்டானது பல் உருவான வயதில் விழுங்கிய நீரால். வளர்ந்தபின் பல்லின் மேல் தேய்த்துத் துப்பும் பசை புதிய கறையை உண்டாக்காது, சொத்தையைத் தடுக்கும். வெண்மையாக்கும் பசைகள் என விற்கப்படுபவற்றில் சில மிகவும் சொரசொரப்பானவை. அவை பீங்கானின் பளபளப்பைக் குறைக்கும், கலப்புப் பிசினால் செய்த வெனீரைக் கீறிவிடும். பீங்கானின் நிறத்தை எந்தப் பசையாலும் மாற்ற முடியாது என்பதால் அவற்றுக்குச் செலவழிப்பதில் பயனும் இல்லை. உமிக்கரி, சாம்பல், செங்கல்தூள், கரடுமுரடான பற்பொடி ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். வேப்பங்குச்சியும் கருவேலங்குச்சியும் நம் மண்ணின் பழக்கங்கள். அவற்றின் மீது எங்களுக்குக் குறை ஏதும் இல்லை. எனினும் கடித்து நாராக்கும்போது முன்பற்களின் மேல் விழும் விசையை மெல்லிய தகடு தாங்காது. பல்லிடைகளை அதற்குரிய நூலால் நாள்தோறும் தூய்மை செய்யலாம். நூலைப் பற்களுக்கிடையே மெதுவாக இறக்கி, பக்கவாட்டில் உருவி எடுக்க வேண்டும், வெடுக்கென்று மேலே இழுக்கக் கூடாது.

உணவைப் பொறுத்தவரை தடை குறைவு. கடிக்கும் இடமே கவனத்திற்குரியது. கரும்பை முன்பல்லால் உரிப்பது, நல்லி எலும்பைக் கடிப்பது, கோவில்பட்டிக் கடலை மிட்டாயை முன்பல்லால் உடைப்பது ஆகிய மூன்றும் ஆகா. கடலை மிட்டாயைக் கையால் உடைத்து, சிறு துண்டாகக் கடைவாயில் இட்டு உண்ணலாம். சாத்தூர்க் காராச்சேவுக்கும் இதுவே முறை. சோடா பாட்டில் மூடியைப் பல்லால் திறப்போருக்கு நாங்கள் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. ஒரு முறை திறந்தாலே அவர்களுக்குத் தெரிந்துவிடும். இதைவிட அமைதியாகத் தீங்கு செய்வது நூல் கடித்தல். தறி நெய்வோர், தையல் தைப்போர், பூக் கட்டுவோர் ஆகியோர் நிறைந்த ஊர்கள் நம்முடையவை. நாளொன்றுக்குப் பலமுறை ஒரே பல்லின் முனையால் நூலை அறுத்தால் அம்முனையில் பீங்கான் விள்ளும். அருகில் ஒரு சிறு கத்தரிக்கோல் வைத்துக்கொள்வது பெரிய செலவைத் தடுக்கும்.

வெற்றிலை பாக்கு, புகையிலை, கட்டித் தேநீர் ஆகியவை பீங்கானில் அவ்வளவாகக் கறை ஏற்றுவதில்லை. ஒட்டுப் பிசின் தெரியும் ஓரத்தில் ஏற்றுகின்றன. பின்னர் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் கோடு வரைந்தாற்போல் காணும். புகையிலையால் ஈறு தேய்ந்து இறங்கும்போது மறைந்திருந்த எல்லைக்கோடு வெளிப்பட்டுவிடுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் விரைந்து முற்றுவதால், இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் வெனீர்ப் பராமரிப்பில் அடங்கும். வெயிலில் வேலை செய்வோர் தாகத்துக்குக் குளிர்பானங்களையும் ஆற்றல் பானங்களையும் நாள் முழுதும் சிறுகச் சிறுகப் பருகுவது உண்டு. அவற்றின் அமிலமும் சர்க்கரையும் எல்லைக்கோட்டில் உள்ள இயற்கைப் பல்லைக் கரைக்கின்றன. தண்ணீரும் மோரும் போதும்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவருக்கு அது தெரியாது; உடன் உறங்குவோருக்குத் தெரியும். இவ்விடத்தில் குடும்பத்தாரின் உதவி தேவைப்படுகிறது. அத்தகையோர் இரவில் அணியும் பல் காப்புத் தகட்டை அளவெடுத்துச் செய்துகொள்ள வேண்டும். வெனீர்கள் மீண்டும் மீண்டும் விள்ளும் பலருக்கு இப்பழக்கமே காரணமாக இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் தூய்மை செய்யச் செல்லும்போது, நாற்காலியில் அமர்ந்தவுடன் வெனீர் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். நன்கு செய்த வெனீரை மேலோட்டமாகப் பார்த்தால் மருத்துவருக்கும் புலப்படாமல் போகலாம். அதிர்வுக் கருவியின் முனை ஓரத்தில் பட்டால் பீங்கான் தெறிக்கக்கூடும். அமிலத்தன்மையுள்ள ஃபுளோரைடு ஜெல் பூசினால் அதன் மெருகு போய்விடும். தெரிந்தால் மருத்துவர் கைக்கருவியால் தூய்மை செய்வார். அமிலமற்ற ஜெல்லைத் தேர்ந்தெடுப்பார்.

வெனீர் பெயர்ந்துவிட்டால்

பெயர்ந்த தகட்டைத் தண்ணீரில் மெல்லக் கழுவி, பஞ்சு வைத்த சிறு டப்பாவில் இட்டு எடுத்து வாருங்கள். உடையாமல் இருந்தால் பல வேளைகளில் அதையே மீண்டும் ஒட்ட இயலும். கடைகளில் விற்கும் உடனடிப் பசையால் வீட்டிலேயே ஒட்டிக்கொள்வோர் உள்ளனர். அது ஈறைப் புண்ணாக்கும். காய்ந்த பசைப் படலம் உட்பக்கத்தில் படிந்து, முறையாக ஒட்ட வேண்டிய தகட்டையும் பயனற்றதாக்கும். தகட்டை விழுங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்துடன் வெளியேறிவிடும். விழுங்கியபின் இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் சென்றிருக்கலாம். அப்போது பல் மருத்துவருக்காகக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

பொருத்திய சில வாரங்கள் குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம் இருப்பது இயல்பு. நாளுக்கு நாள் கூடும் கூச்சம், தூக்கத்தைக் கெடுக்கும் துடிப்பு வலி, ஈறில் பரு போன்ற கொப்புளம், ஒரு பல் மட்டும் கருத்துத் தோன்றுதல், கடிக்கும்போது ஒரு பல் மட்டும் முந்திப் படுதல் ஆகியவை இயல்பானவை அல்ல. கடைசியாகச் சொன்னது சிறு விஷயமாகத் தோன்றலாம். நான்கைந்து நாளில் சிகிச்சையை முடித்து விமானம் ஏறியவர்களுக்குக் கடிவாய் சரிபார்க்கப் போதிய நேரம் கிடைப்பதில்லை. அதனை இங்கேயே சில நிமிடங்களில் சீர்செய்யலாம். விட்டுவிட்டால் தகடு விரிசல் காணும்.

இங்குள்ள மருத்துவர் உதவுவதற்குச் சில விவரங்கள் தேவை. எந்தப் பற்களுக்குச் சிகிச்சை நடந்தது, தகடு என்ன பொருளால் ஆனது, நிற எண் என்ன, எந்தப் பிசினால் ஒட்டினார்கள், அராவுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே ஆகியவற்றை அங்கேயே கேட்டுப் பெற்றுவர வேண்டும். கைப்பேசியில் படமாக இருந்தாலும் போதும். ஏற்கெனவே திரும்பிவிட்டவர்கள் அந்த மருத்துவமனைக்கு எழுதிக் கேட்கலாம். நிற எண் தெரியாமல் ஒரே ஒரு பல்லுக்குப் புதிய தகடு செய்தால், பக்கத்துப் பற்களோடு அது ஒத்துவராமல் போகும். உத்தரவாதச் சீட்டு இருந்தால் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள்: தகட்டைப் புதிதாகச் செய்து தருவார்கள், பயணச் செலவு உங்களுடையது என்றே பலவற்றில் இருக்கும், வேறு மருத்துவர் கைவைத்தால் உத்தரவாதம் செல்லாது என்றும் இருக்கலாம். வலியோ சீழோ இருக்கும்போது அந்நிபந்தனைக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதை நாங்கள் ஏற்க இயலாது.

இன்னும் செய்துகொள்ளாதவர்களுக்கு ஒன்று. லேசான ஃபுளோரைடு கறைக்குப் பல்லை அராவாமல், மேற்பரப்பை நுண்ணியதாக மெருகேற்றியும் வெளுக்கச் செய்தும் நல்ல பலன் பெறலாம், செலவும் குறைவு. பீங்கான் வெனீர் நன்றாகப் பேணினால் பத்தாண்டுகளுக்கு மேல் நிலைப்பது வழக்கம். வாழ்நாள் முழுவதும் நிலைக்காது. இருபத்தைந்து வயதில் வைத்துக்கொள்பவர் பின்னாளில் இரண்டு, மூன்று முறை மாற்ற நேரலாம். அச்செலவையும் இப்போதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

விடுமுறையில் வந்திருப்போர் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் வருவதைத் தவிர்க்க வேண்டுகிறோம். வந்த முதல் வாரத்திலேயே பரிசோதித்துக்கொண்டால், உடைந்த தகட்டுக்கு அளவெடுத்து, ஆய்வகத்தில் செய்வித்து, ஒட்டி, கடிவாயை மறுமுறை சரிபார்ப்பதற்கும் நாள் இருக்கும்.