‘எக்கோ லாட்ஜ்’னு போர்டு மாட்டினா போதுமா? மழைக்காட்டில் ரூம் போடும் முன் கேட்க வேண்டியவை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாக்-அவுட், ராத்திரி பஸ், சனிக்கிழமை காலையில் ஆழியாறு பக்கத்தில் ஒரு டீ. அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. சென்னை, கோவை, பெங்களூரு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி ஓடும் பிளான் இது. ‘காட்டுக்குள்ள இருக்கிற மாதிரி ஒரு இடம் வேணும், நெட் இல்லைன்னாலும் பரவாயில்ல’ என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் ஆப்பில் தேட, எக்கோ லாட்ஜ், எக்கோ ஸ்டே, ரெயின்ஃபாரஸ்ட் ரிசார்ட் என்று வரிசையாக வந்து விழுகின்றன.

எல்லாப் பெயரிலும் ‘எக்கோ’ இருக்கிறது. ஆனால், காட்டுக்கு நன்மை செய்யும் விடுதி எது, காட்டை வைத்துக் காசு பார்க்கும் விடுதி எது? வாடகையைப் பார்த்தோ, ரீல்ஸ் பார்த்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. சில கேள்விகள் கேட்டால் கண்டுபிடிக்கலாம்.

பச்சையா இருந்தா காடா?

வால்பாறை போகிறவர்கள் முதலில் போட்டோ எடுப்பது தேயிலைத் தோட்டத்தைத்தான். கண்ணுக்குக் குளிர்ச்சி, சந்தேகமில்லை. ஆனால் அது காடு இல்லை. சுமார் 220 சதுர கி.மீ. பரப்புள்ள வால்பாறை பீடபூமியில் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, மழைக்காட்டை வெட்டித்தான் தேயிலையும் காபியும் நட்டார்கள். தேயிலைக்கு நடுவே நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரம்கூட ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தது.

அசல் மழைக்காடு வேறு மாதிரி இருக்கும். உயரமான மரங்களின் உச்சிகள் ஒன்றோடொன்று கோத்து ஒரு கூரை போல மூடியிருக்கும். பட்டப்பகலிலும் கீழே அரை இருட்டு. மழை நின்ற பிறகும் இலைகளில் இருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். வெடிப்பலா, கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய், அத்தி என்று கலந்து நிற்கும் மரங்களில், கிளையெல்லாம் பாசியும் பெரணியும் ஒட்டியிருக்கும்.

வால்பாறை பீடபூமியில் அப்படிப்பட்ட காடு இப்போது 40-க்கும் மேற்பட்ட துண்டுகளாகத்தான் மிஞ்சியிருக்கிறது. தேயிலைக் கடலுக்கு நடுவே தீவுகள் மாதிரி. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். ‘ரெயின்ஃபாரஸ்ட் வியூ’ என்று விற்கப்படும் அறையின் ஜன்னலில் தெரிவது பல நேரங்களில் தேயிலையும் சில்வர் ஓக்கும்தான்.

சின்னத் துண்டுக்கு என்ன அவ்வளவு மவுசு?

அந்தத் துண்டுகளை நம்பித்தான் சில உயிர்கள் இருக்கின்றன. சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் வாழ்கிறது. மரத்தை விட்டு அதிகம் இறங்காத விலங்கு அது. ஆனால் வால்பாறை ஊரை ஒட்டிய புதுத்தோட்டம் பகுதியில் காடு சுருங்கிப்போனதால் தரைக்கு வரப் பழகிவிட்டது. சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுச் சாகிறது. அதைத் தடுக்க, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிய தொங்கு பாலங்கள் அங்கே இருக்கின்றன. வண்டியை நிறுத்தி பிஸ்கட், சிப்ஸ் கொடுத்தால் குரங்கு மறுபடியும் சாலைக்கே வரும். பாலம் கட்டியதற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

இன்னொன்று பெரிய இருவாச்சி. பெரிய மரங்களின் பொந்தில்தான் கூடு வைக்கும். பெண் பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும், விட்டுவைக்கும் ஒரு பிளவு வழியாக ஆண் பறவை மாதக்கணக்கில் பழம் ஊட்டும். அந்த நேரத்தில் போட்டோவுக்காகக் கூட்டை நெருங்கினால் ஆண் பறவை இரையோடு வரத் தயங்கும். உள்ளே இருக்கும் தாயும் குஞ்சும் பட்டினி கிடக்க வேண்டியதுதான். இருவாச்சி தின்று போடும் விதைகளில் இருந்துதான் காட்டின் பல மரங்கள் முளைக்கின்றன. ஆக, கூட்டைத் தொந்தரவு செய்தால் மரங்களுக்கும் பாதிப்பு.

வெட்டிய காட்டை மறுபடி வளர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கும் வால்பாறையிலேயே உதாரணம் உண்டு. இயற்கை பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பு, தேயிலை நிறுவனங்களோடு சேர்ந்து, 20 ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் துண்டுகளில் மண்ணின் மரங்களை நட்டு வருகிறது. களைச்செடியை அகற்றி, நாற்று வளர்த்து, நட்டுக் காப்பாற்றும் வேலை. இரண்டு தலைமுறை ஆனாலும் பழைய காடு முழுசாகத் திரும்பிவிடாது. இருப்பதை இழக்காமல் பார்த்துக்கொள்வதுதான் சுலபம், செலவும் குறைவு.

அப்போ எது நிஜமான எக்கோ லாட்ஜ்?

சூழல் சுற்றுலாவுக்கு உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பொருள் எளிமையானது: இயற்கையைக் கெடுக்கக் கூடாது, உள்ளூர் மக்களுக்குப் பயன்பட வேண்டும், வருகிறவர் ஏதாவது கற்றுக்கொண்டு போக வேண்டும். இதை வைத்து எந்த விடுதியையும் நான்கு விஷயங்களில் சோதிக்கலாம்.

முதல் சோதனை, இடம். விடுதி எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். சோலார் பேனலும் மூங்கில் நாற்காலியும் இருந்தாலும், யானை போகிற பாதையில் வேலி போட்டுக் கட்டியிருந்தால் அது எக்கோ இல்லை. நீலகிரியின் சீகூர் பகுதியில் நடந்தது இதுதான். யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகளை 2018-ல் உச்ச நீதிமன்றம் சீல் வைக்கச் சொன்னது. 2020 அக்டோபரில் வழித்தடத்தை உறுதி செய்து தீர்ப்பும் வந்தது. அவற்றில் பலவும் ‘இயற்கையோடு இயற்கையாக’ என்றுதான் ஆள் பிடித்துக்கொண்டிருந்தன.

இரண்டாவது, ராத்திரி. காட்டு விலங்குகளில் பல இரவில்தான் நடமாடும். ஃபிளட் லைட், டிஜே, கேம்ப் ஃபயர் மூன்றும் ‘பேக்கேஜ்’ பட்டியலில் இருந்தால், அது ஊருக்குள் இருக்க வேண்டிய ஹோட்டல். நல்ல விடுதியில் வெளிவிளக்கு குறைவாக இருக்கும், வெளிச்சம் தரையைப் பார்த்து விழும், ஒன்பது மணிக்கு மேல் சத்தம் அடங்கிவிடும்.

மூன்றாவது, குப்பையும் கழிவுநீரும். மிச்சச் சாப்பாட்டை வெளியே கொட்டினால் காட்டுப்பன்றி வரும், கரடி வரும். தெருநாய் சேர்ந்தால் அதைத் தேடிச் சிறுத்தை வரும். கடைசியில் மாட்டிக்கொள்வது விருந்தினர் இல்லை, பக்கத்துக் குடியிருப்பில் வசிக்கும் எஸ்டேட் தொழிலாளர் குடும்பங்கள்.

நான்காவது, சம்பளம் யாருக்குப் போகிறது? கேரள எல்லைக்குள் இருக்கும் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் இதற்கு நல்ல உதாரணம். பொள்ளாச்சியில் இருந்து டாப்சிலிப் வழியாகத்தான் அங்கே சாலை. பரம்பிக்குளத்தில் தேக்குத் தோட்டங்கள் நிறைய உண்டு, எல்லாமே மழைக்காடு என்று சொல்ல முடியாது. ஆனால் வனத்துறை நடத்தும் அங்குள்ள மரவீடு, கூடாரத் தங்கல்களில் காடர், மலசர், முதுவர் போன்ற பழங்குடி மக்கள் வழிகாட்டிகளாகவும் பணியாளர்களாகவும் இருக்கிறார்கள். வழிகாட்டி இல்லாமல் உள்ளே சுற்ற முடியாது. அந்தக் காட்டில் பிறந்து வளர்ந்தவருக்கே அந்தக் காட்டால் வருமானம் வரும்போது, அதைக் காப்பாற்ற அவருக்குக் காரணம் கூடுகிறது.

‘நைட் சஃபாரி உண்டு சார்’ என்றால்?

அங்கேயே பேச்சை முடித்துக்கொள்வது நல்லது. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். தவிர, உயிருக்கும் ஆபத்து. வால்பாறையில் யானைகள் பகலில் சோலைத் துண்டுகளிலும் ஆற்றோரங்களிலும் நின்றுவிட்டு, இருட்டிய பிறகு தேயிலைக்குள் நடக்கின்றன. யானை எங்கே நிற்கிறது என்று உள்ளூர் மக்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் ஏற்பாடும், போனிலேயே எரியவைக்கும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளும் அங்கே இருக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் விளக்கைப் பார்த்துத் திரும்பிப் போகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அந்த விளக்கின் அர்த்தமே தெரிவதில்லை.

2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி–வால்பாறை சாலையில் பைக்கில் வந்த வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி ஒருவர் காட்டு யானை தாக்கி இறந்தார். யானை சாலையில் நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஹாரன், ஃபிளாஷ், செல்ஃபி எதுவும் கூடாது.

எப்போ போகலாம், என்ன எடுத்துட்டுப் போகணும்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லார் இங்கேதான் இருக்கிறது. காடு அப்போது அழகு, ஆனால் மண்சரிவு அபாயமும் உண்டு. டிசம்பரில் இருந்து மார்ச் வரை நடப்பதற்கு வசதி.

அட்டைக்குப் பயந்து பிளானையே மாற்ற வேண்டாம். முழங்கால் வரை வரும் அட்டை சாக்ஸ் போதும். கடித்தால் வலிக்காது, கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், அவ்வளவுதான். பிடித்து இழுக்காமல் நகத்தால் மெதுவாக நெம்பி எடுக்கலாம். அடர் நிறச் சட்டை, மழைக்கோட்டு, பைனாகுலர், தண்ணீர் பாட்டில் வேண்டும். ஸ்பீக்கரும் டிரோனும் வீட்டிலேயே இருக்கட்டும்.

புக்கிங்குக்கு முன் 5 கேள்விகள்

• விடுதி இருக்கும் நிலம் யானை வழித்தடத்திலோ ஓடைக்கரையிலோ இருக்கிறதா?

• இரவில் பாட்டு, கேம்ப் ஃபயர், நைட் டிரைவ் உண்டா?

• சமையல் கழிவும் பிளாஸ்டிக்கும் எங்கே போகின்றன?

• வேலை செய்பவர்களில் உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர்? வழிகாட்டி யார்?

• ‘எக்கோ’ என்று சொல்ல என்ன ஆதாரம்?

கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. ஆதாரமில்லாமல் ‘எக்கோ’, ‘கிரீன்’ என்று விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. ஏமாற்றப்பட்டதாக நினைப்பவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

போனில் இந்த ஐந்தையும் கேட்க பத்து நிமிஷம் ஆகும். நல்ல விடுதி நடத்துபவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். ‘அதெல்லாம் எதுக்கு சார், நீங்க வாங்க, பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால், அடுத்த நம்பரைப் பார்க்கலாம். சரியான இடம் கிடைத்துவிட்டால் மறுநாள் விடியலுக்கு அலாரம் வைக்க வேண்டியிருக்காது. ஓடைப் பக்கம் சீகாரப் பூங்குருவி விசிலடித்து எழுப்பிவிடும்.