அதிரசம் பிரிந்தால் மருமகள் மீதா பழி?

தீபாவளி நெருங்கிவிட்டது என்றால், பல வீடுகளில் அதிரசத்துக்கு அரிசி ஊற வைத்துவிடுவார்கள். அதிரசம் இல்லாமல் தீபாவளியா?

கேதாரகௌரி நோன்பு நோற்கும் குடும்பங்களில் அதற்கு இன்னும் மதிப்பு அதிகம். தீபாவளி அமாவாசையில் வெற்றிலை 21, பாக்கு 21 வைப்பது போல, அதிரசமும் 21 வைத்துப் படைப்பார்கள்.

இந்த அதிரசம் எண்ணெயில் போட்டதும் பிரிந்து போனால்? வீடே கலங்கிவிடும்!

"இவள் கைக்கு ராசி இல்லை" என்று புது மருமகள் மீது பழி விழும். "யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்று சொல்பவர்களும் உண்டு.

உண்மையில் ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எல்லாம் தண்ணீர் செய்கிற வேலை! எப்படி என்று பாருங்கள்.

ஈர மாவு

அதிரசத்துக்கு மாவு பச்சரிசிதான் ஏற்றது. 1 கிலோ அரிசிக்கு 750 கிராம் வெல்லம் போதும்.

அரிசியை 2 மணி நேரம் ஊற வைத்து, தண்ணீரை நன்றாக வடிக்க வேண்டும். பிறகு வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காய வைக்கக் கூடாது.

அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். அரிசி கையில் ஒட்டக் கூடாது. ஆனால் உள்ளே ஈரம் இருக்க வேண்டும். அந்தப் பக்குவத்தில் அரைத்துச் சலிக்க வேண்டும்.

மாவைக் கையில் பிடித்தால், கொழுக்கட்டை போல நிற்க வேண்டும். அதுதான் சரியான ஈரம்.

முன்பு உரலில் இடித்தார்கள். இப்போது மிக்சியிலோ மிஷினிலோ அரைக்கிறார்கள். எதில் அரைத்தாலும் மாவு காய்ந்துவிடக் கூடாது. கடையில் விற்கும் காய்ந்த மாவில் செய்தால் அதிரசம் சரியாக வராது.

பாகுதான் பரீட்சை!

கடையில் கேட்கும்போதே "பாகு வெல்லம்" என்று கேட்டு வாங்க வேண்டும். எல்லா வெல்லமும் நன்றாகப் பாகு வராது.

வெல்லத்தைச் சிறிது தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். பாகில் ஒரு சொட்டு அதில் விட்டு, விரலால் உருட்டிப் பாருங்கள்.

தண்ணீரில் கரைந்தால், இன்னும் காய வேண்டும். மெத்தென்று உருண்டால், அதுதான் பதம். இதைத் "தக்காளிப் பதம்" என்பார்கள். உருண்டையைத் தட்டில் போட்டதும் 'டங்' என்று ஓசை கேட்டால், பதம் தாண்டிவிட்டது!

வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பாகு காயக் காயத் தண்ணீர் குறையும், சூடு ஏறும். உருளும் பதத்தில் அது சுமார் 115 டிகிரி இருக்கும். அப்போது பாகில் 100-க்கு 15 பங்குதான் தண்ணீர்.

தண்ணீர் அதற்கு மேல் இருந்தால், எண்ணெயில் போட்டதும் கொதித்து ஆவியாகும். மாவைப் பிரித்துவிடும். தண்ணீர் மிகவும் குறைந்தால், அதிரசம் கல்லாகிவிடும்.

பாட்டிமார்களுக்கு வெப்பமானி எதற்கு? விரல் ஒன்றே போதும்!

அவசரம் வேண்டாம்

பதம் வந்ததும் இறக்கி, ஏலக்காய்ப் பொடியும் சுக்குப் பொடியும் போட வேண்டும். மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும். மாவு சற்றுத் தளர்வாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். ஆறினால் தானாக இறுகும்.

மேலே நெய் தடவி, மூடி, ஒன்று அல்லது இரண்டு நாள் வைக்க வேண்டும். மாவின் ஒவ்வொரு துகளும் பாகில் ஊறுவதற்குத்தான் இந்தக் காத்திருப்பு.

பிறகு எலுமிச்சம்பழ அளவு உருட்டி, எண்ணெய் தடவிய வாழை இலையில் தட்டி, மிதமான தீயில் ஒவ்வொன்றாகச் சுட வேண்டும். இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினால், எண்ணெய் வடிந்துவிடும்.

தவறினால் என்ன செய்வது?

முதலில் ஒன்றை மட்டும் சுட்டுப் பாருங்கள். பிரிந்தால், மீதி மாவில் சிறிது ஈர அரிசி மாவு சேர்த்துப் பிசைந்து, சில மணி நேரம் வையுங்கள். கடினமாக இருந்தால், வெதுவெதுப்பான பால் சிறிது தெளித்துப் பிசையுங்கள். அரிசியும் வெல்லமும் வீணாகாது. நோன்பும் தடைபடாது.

ஆந்திராவில் அரிசெலு, கர்நாடகத்தில் கஜ்ஜாய, மராட்டியத்தில் அனர்சா என்று இதே குடும்பத்துப் பலகாரங்கள் உண்டு. அரிசியும் வெல்லமும் சேரும் எல்லா ஊர்களிலும் பக்குவம்தான் பெரிது. ராசி அல்ல.

ஆகவே மாமியார்மார்களே! இந்தத் தீபாவளிக்கு மருமகளை அடுப்பருகே அழையுங்கள். அவள் விரலாலேயே பாகை உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மகனும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளட்டும்.

ஒரு முறை அந்தப் பதம் விரலுக்குப் பிடிபட்டுவிட்டால், பிறகு எல்லாக் கையும் ராசியான கைதான்!