படிப்பு எந்த ஊரில்?

திருத்தணியில் 1888-இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்த கதை எங்கள் பக்கத்தில் பலருக்கும் தெரியும். அவர் படித்த கல்லூரியிலேயே பட்டம் வாங்கிய உறவினர் ஒருவர், தாம் படித்து முடித்த தத்துவப் பாடநூல்களை அவருக்குக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சமாயிற்று; பாடமும் முடிவாயிற்று. பின்னாளில் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகவும் நாட்டின் குடியரசுத் தலைவராகவும் ஆனவரின் பாடத்தை, கையில் பணமில்லாத நிலைமைதான் தேர்ந்தெடுத்தது. வருவாய்த் துறையில் சிறு உத்தியோகம் பார்த்த தகப்பனாரால் அதிகம் கொடுக்க முடியவில்லை. படிப்பு நெடுகிலும் அவரைத் தாங்கியது உபகாரச் சம்பளம்.

அவர் படித்த ஊர்களைப் பாருங்கள். திருப்பதி மிஷன் பள்ளி, அடுத்து வேலூர் ஊரீசுக் கல்லூரி, பிறகு சென்னைக் கிறித்துவக் கல்லூரி. 1908-இல் எம்.ஏ. ஆய்வேடு எழுதினார், 1909-இல் மாநிலக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். திருப்பதி, வேலூர், சென்னை. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் பக்கத்து ஆர்.கே.பேட்டையில் பி.எஸ்ஸி.யோ பி.காமோ முடித்த ஒரு பிள்ளை மேலே படிக்க நினைத்தால், இன்றும் முதலில் மனசில் வருவது இந்த மூன்று ஊர்கள்தான். மாறியிருப்பது ஒவ்வோர் ஊரும் கேட்கும் விலை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராமகிருஷ்ணராஜபேட்டை என்பது முழுப்பெயர். திருத்தணி, பள்ளிப்பட்டு, சோளிங்கர் ஆகிய மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது. ரயில் கிடையாது. ரயில் வேண்டுமென்றால் இருபது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் திருத்தணிக்குப் போக வேண்டும். தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள்; தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வீடுகள்; அப்பாவை நைனா என்று கூப்பிடும் பிள்ளைகள். இந்தப் பகுதி 1911 வரை வடஆர்க்காடு மாவட்டம், பிறகு சித்தூர் மாவட்டம். 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது அதோடு போனது. ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்து, எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டம் தமிழ்நாட்டுக்கு வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம்.

எல்லை மாறினால் பட்டாவும் ரேஷன் அட்டையும் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாணவனுக்கு எந்தப் பல்கலைக்கழகம் சொந்தம் என்பதும் அதோடு மாறியது. திருப்பதியில் 1954-இல் வெங்கடேசுவரா பல்கலைக்கழகம் தொடங்கியபோது, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது சொந்த மாவட்டத்துப் பல்கலைக்கழகம். ஆறே வருஷத்தில் அது அடுத்த மாநிலத்துக்காரர்களுடையதாகிவிட்டது. 1974-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, ஆந்திரக் கல்வி நிலையங்களில் 85 சதவீத இடங்களை உள்ளூர் மாணவர்களுக்கென்று ஒதுக்கியது. ராயலசீமாவும் நெல்லூரும் உள்ளூர்; அவற்றை ஒட்டியே கிடக்கும் ஆர்.கே.பேட்டை வெளியூர். வீட்டில் தெலுங்கு பேசி, பண்டிகைக்குத் துணி எடுக்க நகரிக்கும் புத்தூருக்கும் போய்வரும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த 85 சதவீதத்தில் இடமில்லை. சென்னையை விடத் திருப்பதி பக்கம். படிப்புக்கு மட்டும் அது தூரமாகிவிட்டது. திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் எல்லை மாறியபோது ஓர் ஊரின் பிள்ளைகள் இழந்த இந்த வசதியைப் பற்றி யாரும் பேசாமல் போனதில் வருத்தம் உண்டு.

2015-இல் வேறொரு வாசல் திறந்தது. திருப்பதியில் ஐ.ஐ.டி.யும் ஐசரும் அந்த ஆண்டு வந்தன. அவை மத்திய நிறுவனங்கள் என்பதால் உள்ளூர், வெளியூர் பேதம் கிடையாது. ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. சேர ஜாம் தேர்வு எழுத வேண்டும். விடுதி வளாகத்துக்குள்ளேயே இருக்கும். பக்கத்திலேயே இப்படி ஓர் இடம் இருப்பது எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. படிப்பவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லப்படுகிறது என்பதுதான் என் கவலை.

வேலூர்ப் பக்கம் கொஞ்சம் சுலபம். 2002-இல் தொடங்கிய திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இப்போது சேர்க்காட்டில் இருக்கிறது. பஸ் பிடித்துப் போய்வருவது ஓரளவு முடிகிற காரியம். ஆனால் எல்லாப் பாடமும் அங்கே கிடைக்காது. வி.ஐ.டி.யின் கட்டணம் தறி வீட்டுக்கு எட்டாது. ஆகவே பேச்சு சென்னையில் வந்து நிற்கிறது.

சென்னை, ராதாகிருஷ்ணன் காலத்தில் எப்படி இருந்தது? கிறித்துவக் கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே. வெளியூர்ப் பையன் உறவினர் வீட்டுத் திண்ணையில் தங்குவான்; இல்லாவிட்டால் சொந்தச் சாதிக்காரர்கள் நடத்தும் விடுதிக்குப் போவான். பிராமணப் பையனாக இருந்தால் வாரச் சாப்பாடு உண்டு: திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று ஏழு வீட்டில் ஏழு நாள் சோறு. அந்த ஏற்பாட்டில் அன்பு இருந்தது. யாருக்குக் கதவு திறக்கும், யாருக்குத் திறக்காது என்ற கொடுமையும் அதற்குள்ளேயே இருந்தது. அதே ஆண்டுகளில் ஆர்.கே.பேட்டைச் சேரியில் பிறந்த ஒரு பையனுக்கு அந்த ஏழு வீடுகளில் ஒன்றும் இல்லை. அவன் எம்.ஏ. படித்திருக்கவே முடியாது. கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குப் போனபோது சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று விடுதிகளோடு சேர்த்தே வளாகம் அமைந்தது. கல்லூரி என்றால் வகுப்பறையோடு தங்கும் இடமும்தான் என்று அன்றைக்குச் சிலருக்குப் புரிந்திருந்தது.

இன்று சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரசு நிறுவனம்; கட்டணம் பெரிதில்லை. வீட்டில் தறியை நிறுத்திவிட்டு நைனா கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: “ஃபீஸ் கட்டிடலாம்மா. நீ எங்க தங்குவே?”

தினமும் போய்வரலாமா? விடியற்காலை பஸ்ஸில் திருத்தணி. மின்சார ரயிலில் எண்பது கிலோமீட்டருக்கு மேல் சென்ட்ரல். பார்க் டவுனில் பறக்கும் ரயில் மாறிச் சேப்பாக்கம். போக ஏறத்தாழ நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். சீசன் டிக்கெட் மலிவுதான். மாணவர்களுக்கு அதிலும் பாதிக் கட்டணம். ஆனால் நாளில் எட்டு மணி நேரத்தை ரயிலிலும் பஸ்ஸிலும் விட்டுவிட்டு நூலகத்துக்கு எப்போது போவது? முதுகலைப் படிப்பின் உயிர் வகுப்புக்குப் பிந்திய அந்த மாலை நேரத்தில்தான் இருக்கிறது. ஐந்தரை ரயிலைப் பிடிக்க ஓடுகிற பிள்ளை அதைத் தினமும் இழக்கிறது.

தங்கினால்? திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பல தலைமுறைகளாக வெளியூர் ஆண்பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றி வருகின்றன. பெண்பிள்ளைக்கு மகளிர் விடுதி. ஓர் அறையில் மூன்று, நாலு கட்டில் போட்டு, கட்டிலுக்கு இவ்வளவு என்று வாடகை. அதோடு முன்பணம். வருஷக் கட்டணத்தை விட ஓரிரு மாத வாடகை அதிகமாகிவிடும் பாடங்கள் உண்டு. சாப்பாட்டுக்கு அம்மா உணவகம் கைகொடுக்கும். 2013-இல் தொடங்கியபோது வைத்த ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம் என்ற விலை, வேலை தேடி வந்தவர்களையும் மாணவர்களையும் எத்தனை பசி நாளில் காப்பாற்றியிருக்கும்!

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. உதவிகள் எந்தப் படியில் நிற்கின்றன என்று பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று, ராதாகிருஷ்ணன் பிறந்தநாளில், தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இல் வந்தது. இரண்டுமே நல்ல திட்டங்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் கல்லூரி வாசலை மிதிக்க முதல் திட்டம் பெரிய துணை. இரண்டும் இளங்கலையோடு முடிகின்றன. ரயில்வே தரும் இலவச சீசன் டிக்கெட்டும் பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரைதான். மறுபக்கம், முதுகலை முடித்து நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய். 2023 முதல் அதுதான் தொகை. கேட் எழுதி எம்.டெக். சேர்ந்தவர்களுக்கு மாதம் 12,400. எம்.ஏ., எம்.எஸ்ஸி., எம்.காம். படிக்கும் அந்த இரண்டு வருஷம் மட்டும் நடுவில் வறண்டு கிடக்கிறது. பட்டியல் வகுப்பு, பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு முதுகலையிலும் உதவித்தொகை உண்டு. ஆனால் தங்கும் செலவுக்கென்று கைக்கு வருவது ஆண்டுக்குச் சில ஆயிரம். சென்னையில் ஒரு மாதத்தைக்கூட அது முழுசாகத் தாண்டாது.

இளங்கலை முடித்ததும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளின் பஸ்கள் அழைத்துக்கொண்டு போகின்றன. முதல் மாதமே சம்பளம். எம்.எஸ்ஸி.யில் முதல் மாதமே செலவு. ஆராய்ச்சி வரை போயிருக்கக்கூடிய பிள்ளைகள் இந்த இரண்டு வருஷத்தில்தான் உதிர்கிறார்கள். அறிவுக் குறைவால் உதிரவில்லை.

தங்கும் செலவே படிப்பின் உண்மையான விலை என்பது உலகம் முழுக்கத் தெரிந்த சேதி. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் விசாவுக்கு, ஒரு வருஷ வாழ்க்கைச் செலவுக்கென்று 11,904 யூரோவைக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 2019-இல் விடுதி அறை வாடகையை 20 ரூபாயிலிருந்து 600 ஆக்க அறிவித்தபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அறுநூறு ரூபாய் ஒரு பணமா என்று கேலி செய்தவர்கள் உண்டு. அந்த 20 ரூபாய் அறையை நம்பித்தான் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் விவசாயி வீட்டுப் பிள்ளைகள் தில்லிக்கு ரயிலேறினார்கள் என்பதைக் கேலி செய்தவர்கள் யோசிக்கவில்லை.

தமிழ்நாட்டில் அரசு விடுதிகள் இல்லாமல் இல்லை. சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதியில் தங்கிப் படித்து ஆளானவர்கள் ஏராளம். அதற்குப் புதிய பல மாடிக் கட்டடம் 2025-இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் அரசு நலவிடுதிகள் எல்லாவற்றுக்கும் சமூகநீதி விடுதி என்று பெயர் வந்தது. பெயர் நல்ல பெயர். படுக்கைகள் போதவில்லை. முதுகலைப் பெண்களுக்கென்று சேப்பாக்கம், கிண்டி, தரமணி வளாகங்களுக்கு நடந்து போகிற தூரத்தில் விடுதிகள் வேண்டும். புதுமைப் பெண்ணையும் தமிழ்ப் புதல்வனையும் இன்னும் இரண்டு வருஷம் நீட்ட வேண்டும். பெரிய செலவு இல்லை. முதுகலைக்கு வருகிறவர்கள் இளங்கலை அளவுக்கு அதிகம் பேர் இல்லை.

அதுவரை, விண்ணப்பம் போடும் பிள்ளைகள் ஒன்று செய்யலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வெழுதி எந்த ஊரில் சேர்வது என்று முடிவு செய்யும் முன், கல்லூரியின் புகழைப் பார்ப்பதுபோல விடுதியையும் பாருங்கள்: எத்தனை இடம், முதல் வருஷத்துக்கு உண்டா, சாப்பாட்டுக் கட்டணம் மாதம் எவ்வளவு, விடுமுறையில் காலி செய்யச் சொல்வார்களா. திருவாரூரிலோ புதுச்சேரியிலோ வளாகத்துக்குள் ஒரு கட்டில் கிடைக்குமானால், சென்னையின் பெரிய பெயரைவிட அது உங்களுக்கு அதிகம் படிப்புத் தரும். சேர்க்கை முடிந்து, விடுதி ஒதுக்க இன்னும் சில வாரம் ஆகிற இடங்களும் உண்டு. பணமில்லாத பிள்ளைகள் சேர்ந்த வேகத்தில் திரும்பிவருவது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான். ஆர்.கே.பேட்டையிலிருந்தும் பள்ளிப்பட்டிலிருந்தும் போய்ச் சென்னையில் வீடெடுத்துத் தங்கியிருப்பவர்கள் இன்று நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். சாதி கேட்காமல், ஊர் பேர் மட்டும் கேட்டு, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு பிள்ளையை மூன்று வாரம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.