யானைகளுக்கு நடுவே ஒரு கவுன்

1955 ஆகஸ்டில் ஒரு நாள். பாரிஸ் நகரின் ‘சிர்க் திவேர்’ என்ற பழைய சர்க்கஸ் அரங்கம். காலில் சங்கிலியோடு நிற்கும் யானைகளுக்கு நடுவே ஒரு பெண். உடம்போடு ஒட்டிய கறுப்பு கவுன், இடுப்பிலிருந்து வழியும் வெள்ளைப் பட்டை. இரண்டு கைகளும் இரு பக்கத்து யானைகளை நோக்கி நீண்டிருக்கின்றன. கூரைக் கண்ணாடி வழியே வரும் பகல் வெளிச்சம் யானைத் தோலின் ஒவ்வொரு சுருக்கத்தையும் எடுத்துக் காட்டுகிறது. அந்தச் சொரசொரப்புக்குப் பக்கத்தில் கவுனின் வழவழப்பு கண்ணைப் பறிக்கிறது.

படம் எடுத்தவர் ரிச்சர்ட் அவெடன். மாடல் டொவீமா. கவுன் டியோர் நிறுவனத்துடையது. அதை வடிவமைத்தவர், அங்கே உதவியாளராக அப்போதுதான் சேர்ந்திருந்த ஈவ் சான் லொரான். வயது 19. 2010-இல் இந்தப் படத்தின் பெரிய பிரதி ஒன்று பாரிஸ் ஏலத்தில் 8,41,000 யூரோவுக்குப் போனது. வாங்கியது டியோர் நிறுவனமே.

ஆனால் அவெடனுக்கு அந்தப் படத்தில் கடைசிவரை ஒரு குறை இருந்தது. வெள்ளைப் பட்டையை இடப்பக்கமாகப் பறக்கவிட்டிருந்தால் படத்தின் கோடு முழுமை பெற்றிருக்கும், அதைச் செய்யாமல் விட்டுவிட்டேன் என்று வருந்தியிருக்கிறார். யானை, அரங்கம், வெளிச்சம், மாடல் எல்லாம் அமைந்தும் ஒரு முழத் துணி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் மனம் ஆறவில்லை. கிரியேட்டிவ் டைரக்‌ஷன் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது.

சினிமாவில் இயக்குநர் செய்வதை ஃபேஷன் படப்பிடிப்பில் செய்பவர் கிரியேட்டிவ் டைரக்டர். கேமராவைத் தொடுபவர் வேறு, மேக்கப் போடுபவர் வேறு, துணியைக் கட்டிவிடும் ஸ்டைலிஸ்ட் வேறு. இந்தத் துணிக்கு எந்த இடம், எந்த வெளிச்சம், எந்த முகம் என்று முடிவு செய்து, நாலு பேர் வேலையையும் ஒரே கதைக்குள் கொண்டுவருவது இவர் பொறுப்பு. சென்னைத் தரமணியில் 1995-இல் தொடங்கிய ‘நிஃப்ட்’ போன்ற ஃபேஷன் கல்லூரிகளில் படிப்பு முடியும் கட்டத்தில் மாணவர்கள் தங்கள் உடைகளை மேடையேற்றுவார்கள். மேடையில் ஓர் உடை தெரிவது சில விநாடிகள்தான். அழைப்பிதழிலும் போஸ்டரிலும், பிறகு வேலை தேடிப் போகும்போது கையில் இருக்கும் ஆல்பத்திலும் நிலைப்பது புகைப்படம். அதனால் மேடைக்கு முன்பே படப்பிடிப்பு நடக்கும். பெரும்பாலும் வடிவமைத்த மாணவரே டைரக்டர். நண்பர்களே மாடலும் லைட்மேனும்.

இந்த வேலையில் முதலில் வழுக்கி விழும் இடம் ‘தீம்’. ‘கடல்’ என்று தீம் வைத்தால் மாடல் கையில் ஒரு சங்கு, தலையில் ஒரு மீன்வலை. இது தீம் அல்ல, மாறுவேடப் போட்டி. தீம் துணிக்குள்ளிருந்து வர வேண்டும். அலெக்சாண்டர் மெக்வீன் 1992-இல் லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்டின்ஸ் கல்லூரியில் முதுகலை முடித்தபோது எடுத்துக்கொண்ட தீம், 1888-இல் அந்நகரை நடுங்கவைத்த கொலைகாரன் ஜாக் த ரிப்பர். அவர் மாடலின் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மனிதத் தலைமுடியையே உடையின் உட்புறத்தில் வைத்தார். இசபெல்லா ப்ளோ என்ற ஃபேஷன் எடிட்டர் அந்த உடைகள் மொத்தத்தையும் 5,000 பவுண்டுக்கு, தவணை முறையில் பணம் கட்டி வாங்கினார்.

நம் பக்கத்திலிருந்தே ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். ஒரு மாணவி மதுரைச் சுங்குடியில் பத்து உடைகள் தைத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுங்குடி என்பது துணியில் ஊசிமுனை அளவுக்குக் கிள்ளியெடுத்து, நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கும் கலை. முடிச்சுக்குள் சாயம் இறங்காது. அவிழ்த்தால் அந்த இடம் வெள்ளைப் புள்ளி. மதுரைச் சௌராஷ்டிரர்கள் வளர்த்த இந்தக் கைவேலைக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்தத் துணியை எங்கே நிறுத்துவது? மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள் என்று சட்டென்று தோன்றும். ஆனால் தூண் துணியோடு பேசாது. வெள்ளைப் புள்ளியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் உப்பு ஞாபகத்துக்கு வரும். சாயத்தைத் தள்ளி நின்ற வெள்ளை ஒன்று, கடல்நீர் வற்றி நின்ற வெள்ளை இன்னொன்று. இரண்டும் பொறுமையான கைவேலை. தூத்துக்குடி உப்பளம் என்று முடிவானால், அடுத்த முடிவுகள் ஒவ்வொன்றாக அதிலிருந்தே பிறக்கும்.

முதலில் மூட்போர்டு. இடம், நிறம், மனநிலை மூன்றையும் காட்டும் படங்களை ஓர் அட்டையில் ஒட்டி எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பது. இதில் ஒரு கட்டுப்பாடு நல்லது: வேறொருவர் எடுத்த ஃபேஷன் படத்தை ஒட்டாதீர்கள், ஒட்டினால் அதையே திரும்ப எடுப்பீர்கள். உப்புக் குவியல், வெடித்த பாத்தி வரப்பு, முடிச்சு போடும் விரல், சாயத் தொட்டி ஆகியவை போதும்.

அடுத்தது வெளிச்சம். கேமராவின் அளவுமானி, தான் பார்க்கும் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். சட்டகம் முழுக்க உப்பு இருந்தால் அதையும் சாம்பலாக்கிவிடும். வெள்ளை வெள்ளையாகவே தெரிய, கேமரா சொல்வதைவிட ஒன்றோ ஒன்றரையோ ஸ்டாப் (வெளிச்சத்தை அளக்கும் படி) கூடுதலாக வெளிச்சம் விட வேண்டும். இன்னொரு சிக்கல்: உப்பு ஒளியைக் கீழிருந்து மேலே எறியும். வழக்கமாக முகத்தின் நிழலைப் போக்க வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடிப்பார்கள். இங்கே தரையே தெர்மாகோல். தாடைக்குக் கீழே நிழலே இல்லாமல் முகம் தட்டையாகிவிடும். அதனால் இங்கே வேண்டியது நேர்மாறு, ஒரு பக்கம் கறுப்புத் துணியைப் பிடிப்பது. அது ஒளியை விழுங்கி முகத்துக்கும் மடிப்புக்கும் வடிவத்தைத் திருப்பித் தரும்.

துணிக்கும் தனி நியாயம் உண்டு. பட்டு கண்ணாடிபோலப் பளீரிடும், வெல்வெட் ஒளியைக் குடிக்கும், பருத்தி நாலாபக்கமும் சிதறடிக்கும். புதுச் சுங்குடியில் முடிச்சு அவிழ்ந்த இடங்கள் லேசாகக் குமிழ்ந்து நிற்கும். சூரியன் சாய்ந்திருக்கும்போது பக்கவாட்டில் விழும் வெயில் அந்தக் குமிழ் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு நிழல் போடும். உச்சிவெயிலில் துணியின் அந்த மேடுபள்ளம் மறைந்து அச்சடித்த புள்ளிபோல ஆகிவிடும். முந்தைய நாள் இரவு யாராவது ஆர்வக்கோளாறில் அழுத்தி இஸ்திரி போட்டாலும் அதே கதிதான். ‘இதை மட்டும் இஸ்திரி போடாதே’ என்று உடைப்பையின் மேல் எழுதி ஒட்டுவதும் டைரக்டரின் வேலை.

ஆக, நமக்குக் கிடைப்பது காலையின் முதல் மூன்று மணி நேரம். பத்து உடைக்கு 180 நிமிடம், ஓர் உடைக்கு 18 நிமிடம். உடை மாற்றுவதும் இதற்குள்தான். அதனால் எந்த உடை முதலில், எத்தனை கோணம் என்ற பட்டியல் முதல் நாளே எழுதப்பட்டிருக்க வேண்டும். முழு உருவத்தை எடுக்கக் கேமராவை மாடலின் இடுப்பு உயரத்துக்கு இறக்குவார்கள். கண் உயரத்திலிருந்து எடுத்தால் கால் குட்டையாகத் தெரியும். பெரிதாக இருக்கும் சட்டையை முதுகுப் பக்கம் கிளிப் போட்டுப் பிடிப்பார்கள். பளபளப்பான பத்திரிகைப் படங்களிலும் மாடலின் முதுகைப் பார்த்தால் துணிக் கிளிப் வரிசையாக நிற்கும்.

இனி, படத்தில் தெரியாத பொறுப்புகள். அளத்துக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அளத்தில் வேலை நின்றுவிடும் என்பதை நாள் குறிக்கும்போதே நினைவில் வையுங்கள். வெறுங்காலோடு உப்பில் நிற்கும் மாடலுக்கு ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் செருப்பும் தண்ணீரும் போக வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்களை, அவர்கள் சம்மதமில்லாமல், அழகுக்காகப் பின்னணியில் நிறுத்தாதீர்கள். அவர்களுக்கு அது லொகேஷன் அல்ல, பிழைப்பு.

கடைசியாக, நிகழ்ச்சிப் புத்தகத்தின் பெயர்ப் பட்டியல். வடிவமைப்பு, புகைப்படம், ஒப்பனை, மாடல் என்று வரிசையாகப் பெயர் போடுவீர்கள். துணிக்கு முடிச்சுப் போட்டவர்கள் சம்மதித்தால், அந்தப் பட்டியலின் முதல் வரியில் அவர்கள் பெயரைப் போடுங்கள். உங்கள் தீம் அவர்கள் விரலிலிருந்துதான் வந்தது.