தூக்கிப் போட்ட புல் வெட்டும் மிஷினில் உயிர் இருக்கா? காசு கொடுக்கும் முன் கயிறை இழுத்துப் பாருங்க!

கோவை,

"ஸ்டார்ட் ஆகலீங்க" என்று மூலையில் தூக்கிப் போடப்படும் பெட்ரோல் புல் வெட்டும் மிஷின்கள், பழைய இரும்புக் கடைகளுக்கு எடைக்கு வந்து சேருகின்றன. கல்லூரி, மில், அடுக்குமாடி குடியிருப்பு, பங்களா என்று பல இடத்தில் இருந்தும் இவை வருகின்றன.

இதில் என்ஜின் நிஜமாகவே செத்தது எது, சும்மா மூச்சு அடைத்துக் கிடப்பது எது என்று தெரிந்தவருக்கு அது பிழைப்புக்கு வழி. தெரியாமல் வாங்கினால் வாரக் கூலி அம்போ.

வாடகை மிஷினில் புல் வெட்டப் போகிறவர், கிடைக்கும் கூலியில் ஒரு பங்கை மிஷின்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார். சொந்தமாக ஒன்று இருந்தால் அந்த பங்கு அவர் பையில் நிற்கும். புது மிஷின் வாங்க பல ஆயிரம் வேண்டும். அதனால்தான் பழசுக்கு மவுசு.

மில் பார்த்து வந்த யோசனை

ஜவுளி ஊர்க்காரர்களுக்கு ஒரு சுவாரசியமான தகவல். புல் வெட்டும் மிஷினுக்கு 1830-ம் ஆண்டு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவர் எட்வின் பட்டிங். துணி மில்லில் துணியின் மேல் நிற்கும் பிசிறை சீவும் மிஷினைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அதற்கு என்ஜின் கிடையாது, கையால் தள்ள வேண்டியதுதான்.

இப்போது கடைகளில் கிடப்பவை ரெண்டு ரகம். நாலு சக்கரத்தில் தள்ளிக்கொண்டு போவது ஒன்று. தோளில் மாட்டிக்கொண்டு வெட்டுவது மற்றொன்று. தள்ளுகிற வண்டியில் பெரும்பாலும் 4 ஸ்ட்ரோக் என்ஜின். அதற்கு ஆயில் தனியாக ஊற்ற வேண்டும். தோளில் மாட்டுவதில் 2 ஸ்ட்ரோக்கும் உண்டு, 4 ஸ்ட்ரோக்கும் உண்டு. 2 ஸ்ட்ரோக்கில் பெட்ரோலிலேயே ஆயில் கலக்க வேண்டும். டி.வி.எஸ். 50 ஓட்டியவர்களுக்கு இதை சொல்லித் தர வேண்டியது இல்லை.

பல என்ஜின்கள் சாவதற்கு காரணமே இந்த வித்தியாசம் தெரியாததுதான். 2 ஸ்ட்ரோக்கில் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் பிஸ்டன் உரசி கொஞ்ச நேரத்தில் கதை முடிந்துவிடும். 4 ஸ்ட்ரோக்கில் ஆயில் வற்றினாலும் அதே கதிதான். தோளில் மாட்டும் சின்ன 4 ஸ்ட்ரோக் என்ஜினுக்கு சுமார் 100 மில்லி ஆயில்தான் பிடிக்கும். அதைக்கூட பார்க்காமல் ஓட்டுகிறார்கள்!

முதல் வேலை பிளக் வயரை கழற்றுவது

பழைய மிஷினில் கை வைக்கும் முன் ஸ்பார்க் பிளக் வயரை பிடுங்கி தள்ளி வைக்க வேண்டும். நின்றுபோன மிஷின்தானே என்று பிளேடை கையால் சுற்றினால், டேங்கில் மிச்சம் இருக்கிற பெட்ரோலில் என்ஜின் ஒரு உதை உதைக்கும். அந்த ஒரு உதையில் விரல் போய்விடும்.

அடுத்து கயிறை மெதுவாக இழுக்கணும். இழுக்கும்போது ஒரு இடத்தில் கையை பிடித்து நிறுத்துவது போல எதிர்ப்பு வந்தால் கம்ப்ரஷன் இருக்கிறது என்று அர்த்தம். எதிர்ப்பே இல்லாமல் வெறும் சக்கரம் மாதிரி சுற்றினால் ரிங் அல்லது வால்வில் கோளாறு. ஆனால் 4 ஸ்ட்ரோக்கில் பல என்ஜின்களில் இழுக்க லேசாக இருப்பதற்காகவே கம்ப்ரஷனை கொஞ்சம் வெளியே விடும் அமைப்பு இருக்கும். அதனால் கை உணர்வை மட்டும் வைத்து தள்ளிவிடக் கூடாது.

சந்தேகம் இருந்தால் பிளக்கை கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி மறுபடி இழுக்கலாம். இப்போது இழுவை கடினமானால் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்படியேதான் இருக்கிறது என்றால் வால்வை சந்தேகப்படலாம். ரொம்ப நாள் சும்மா கிடந்த என்ஜினில் வால்வு திறந்தபடியே ஒட்டிக்கொள்ளும். அது ஆயில் விட்டு தட்டினாலே சரியாகிற விஷயம்.

கயிறு வரவே மாட்டேன் என்கிறதா? உடனே "என்ஜின் ஜாம்" என்று முடிவு கட்ட வேண்டாம். தள்ளுகிற வண்டிகள் பலவற்றில் கைப்பிடியோடு சேர்த்து ஒரு கம்பி இருக்கும். அதை அழுத்திப் பிடிக்காவிட்டால் பிரேக் என்ஜினை பிடித்துக்கொள்ளும். இது தெரியாமலேயே நல்ல மிஷினை இரும்பு விலைக்கு போட்டவர்கள் உண்டு. அடியில் காய்ந்த புல்லும் கம்பியும் பிளேடில் சுற்றிக் கிடக்கலாம். அதையும் பார்க்கணும். நிஜமாகவே துரு பிடித்து இறுகியிருந்தால், பிளக் ஓட்டையில் ஆயில் ஊற்றி ஓரிரு நாள் ஊற விட்டால் பல நேரம் விட்டுக்கொடுக்கும்.

வண்டியை சாய்த்துப் பார்க்கும்போது கார்புரேட்டர் பக்கம் மேலே இருக்கும்படி சாய்க்கணும். மாற்றி சாய்த்தால் ஆயில் ஏர் பில்டருக்குள் இறங்கிவிடும். அப்புறம் ஸ்டார்ட் செய்ததும் புகை கிளம்ப, "ரிங் போச்சு" என்று தப்பாக கணக்கு போட வேண்டி வரும்.

ஆயில் சொல்லும் ஜாதகம்

4 ஸ்ட்ரோக்கில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். கருப்பாக இருந்தால் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பால் காபி நிறம் என்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அளவுக்கு மேல் இருந்து பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டர் ஊசி பிடிக்காமல் பெட்ரோல் உள்ளே ஒழுகியிருக்கிறது. இதெல்லாம் சரி செய்யக் கூடியவை. வெயிலில் காட்டும்போது ஜிகினா மாதிரி மின்னினால் மட்டும் பேசாமல் கீழே வைத்துவிட்டு நடையை கட்டலாம். மின்னுவது உள்ளே தேய்ந்த உலோகம்.

2 ஸ்ட்ரோக்கில் குச்சி கிடையாது. அதற்கு சைலன்சரை கழற்ற வேண்டும், ரெண்டு போல்ட்தான். அந்த வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டன் தெரியும். வழவழப்பாக இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாக கீறல் விழுந்திருந்தால் ஆயில் கலக்காமல் ஓட்டியது. கடைக்காரர் என்ன சொன்னாலும் அது வேண்டாம்.

கல்லில் அடித்த மிஷின்

தள்ளுகிற வண்டிகளில் இன்னொரு சோதனை. பிளேடு கல்லிலோ மர வேரிலோ மோதினால் கிராங்க் வளைந்திருக்கும். பிளக் வயர் கழற்றிய நிலையில் கயிறை மெதுவாக இழுத்து, அடியில் பிளேடு மாட்டிய தண்டு ஆட்டம் போடுகிறதா என்று எட்ட நின்று பார்க்கணும். ஆடினால் வாங்கக் கூடாது. நிமிர்த்தி ஓட்டுவது பிளேடு பிய்த்துக்கொண்டு பறக்க வழி வைப்பது.

தண்டு நேராக இருந்து, ஸ்பார்க்கும் வந்து, இழுத்தால் கையை திருப்பி உதைக்கிறது என்றால் பிளைவீல் கீயை பார்க்கணும். பிளைவீலை தண்டோடு பிடித்து வைக்கும் சின்ன உலோகத் துண்டு அது. மோதலில் அது நசுங்கினால் ஸ்பார்க் வரும் நேரம் தப்பிவிடும். அற்ப காசு பொருள். இதற்காக முழு மிஷினையே தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

பெரும்பாலும் பெட்ரோல்தான் வில்லன்

இவ்வளவும் சரியாக இருந்தும் ஓடவில்லையா? கார்புரேட்டர் வாயில் ஒரு ஸ்பூன் பெட்ரோல் விட்டு, ஏர் பில்டரை மாட்டிவிட்டு இழுத்தால், ரெண்டு வினாடி ஓடி நின்றுபோகும். அப்படி ஓடினால் என்ஜின் நல்ல என்ஜின். மேலே இருந்து பெட்ரோல் வரவில்லை, அவ்வளவுதான். பீடி, சிகரெட் பக்கத்தில் இருக்கக் கூடாது.

மாதக்கணக்கில் டேங்கில் கிடக்கும் பெட்ரோல் பிசின் மாதிரி மாறி, கார்புரேட்டர் ஜெட்டின் ஊசி முனை ஓட்டையை அடைத்துவிடும். கிண்ணத்தை கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, மெல்லிய செம்புக் கம்பியால் குத்தி எடுத்தால் போதும். இரும்புக் கம்பி கூடாது, ஓட்டை பெரிசாகிவிடும்.

2023-ல் இருந்து பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய மிஷின்களின் ரப்பர் டியூப், டயாபிரம் இதற்காக செய்தது அல்ல, உப்பியும் வெடித்தும் போகும். எனவே பழைய மிஷின் வாங்கினால் ரப்பரை எல்லாம் மாற்றிவிடுவது நல்லது. வேலை இல்லாத மாதங்களில் டேங்கை காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓட்டி வைத்தால் அடுத்த முறை ஒரே இழுப்பு.

ஓடத் தொடங்கியதும் புகையை பார்க்கணும். 4 ஸ்ட்ரோக்கில் நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது, விலையை குறைத்துக் கேட்கலாம். கரும்புகை என்றால் முதலில் ஏர் பில்டரை கழுவிப் பார்க்கலாம். இந்த சோதனையை ஷெட்டுக்குள் கதவை சாத்திக்கொண்டு செய்யவே கூடாது. அந்தப் புகையில் வாசனையே இல்லாத விஷ வாயு இருக்கிறது.

வாங்கி வந்ததும் பிளேடு மூடி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் தகரத்திலாவது லேத்தில் கொடுத்து அடித்துக்கொள்வது அவசியம். பழைய மிஷின்களில் முதலில் காணாமல் போவது அந்த மூடிதான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வெட்டப் போவதும் ஆகாது. பிளேடில் பட்ட ஒரு சின்ன ஜல்லி போதும், கண்ணை பதம் பார்த்துவிடும்.